அமெரிக்க மாநில ஆளுநர் என்பவர் யார்? ஆல் ஸ்மித்தின் வாழ்க்கை வழியாக ஓர் அறிமுகம்

1919ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க் நகரத்தில் பால் விலை பெரிய பிரச்சினையாக வெடித்தது. வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை அதிபரின் நாளிதழ்கள், ஏழைக் குழந்தைகள் பாலில்லாமல் வாடுவதற்கு மாநில ஆளுநர்தான் காரணம் என்று விடாமல் எழுதின, கேலிச்சித்திரங்களும் போட்டன. அந்த ஆளுநரின் பெயர் ஆல்ஃபிரட் இமானுவேல் ஸ்மித். ஊருக்கெல்லாம் அவர் ஆல் ஸ்மித். பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்டோபர் 29ஆம் தேதி கார்னகி அரங்கில் கூட்டம் போட்டார். நேருக்கு நேர் வாதிட வரும்படி ஹெர்ஸ்ட்டையும் அழைத்தார். ஹெர்ஸ்ட் வரவில்லை. ஸ்மித் தனியாக மேடையேறிக் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார்.

அந்தப் பதில்களில் ஒன்று இன்றைக்கும் யோசிக்க வைப்பது. பால் சந்தையைக் கவனிக்கும் மாநிலத் துறை ஆளுநரின் கையில் இல்லை. அதை நடத்திய குழுவைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம். ஆளுநர் அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் பால் கிடைக்காத தாய் யாரிடம் போய்க் கேட்பாள்? தான் ஓட்டுப் போட்ட ஆளுநரிடம்தான். பழி ஒருவர் மீது, அதிகாரம் வேறொருவர் கையில். இந்த முரண்பாட்டைச் சரிசெய்வதிலேயே ஸ்மித்தின் அரசியல் வாழ்க்கையின் சிறந்த பகுதி கழிந்தது. அமெரிக்க ஆளுநர் பதவியைப் புரிந்துகொள்ள அவருடைய கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில், பதவி எப்படிப்பட்டது?

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆளுநர் குடியரசுத் தலைவரால் அல்லது ஜனாதிபதியால் நியமிக்கப்படுகிறவர். இந்திய மாநிலங்களில் அன்றாட ஆட்சி முதலமைச்சரிடம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்குள்ள 50 மாநிலங்களிலும் ஆளுநரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கு மேலே மாநிலத்தில் வேறு நிர்வாகத் தலைவர் கிடையாது. அமெரிக்க அதிபரால் ஆளுநரை நியமிக்கவும் முடியாது, பதவிநீக்கம் செய்யவும் முடியாது. இருவரும் வெவ்வேறு கட்சியாக இருந்தால் வெளிப்படையாகவே மோதிக்கொள்வார்கள்.

அப்படியென்றால் நம்முடைய முதலமைச்சருக்குச் சமமானவரா என்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. முதலமைச்சர் சட்டமன்றப் பெரும்பான்மையை நம்பி ஆட்சி செய்கிறவர்; அது போனால் பதவி போய்விடும். அமெரிக்க ஆளுநர் சட்டமன்ற உறுப்பினரே அல்ல. எதிர்க்கட்சி இரு அவைகளையும் பிடித்துக்கொண்டாலும் அவர் தன் பதவிக்காலம் முடியும்வரை நாற்காலியில் இருப்பார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிலுக்கு, தான் விரும்பும் சட்டத்தை நிறைவேற்றித் தருவதற்குக் கையில் ஆள் இல்லாமலும் போகலாம். ஸ்மித்துக்கு இதுதான் நேர்ந்தது. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். கீழவையோ அவர் ஆளுநராக இருந்த ஆண்டுகள் அனைத்திலும் குடியரசுக் கட்சியின் வசம் இருந்தது. மாநிலத்தின் 1894ஆம் ஆண்டு அரசியல் சட்டம் நகரத்து வாக்காளர்களைவிடக் கிராமப்புற மாவட்டங்களுக்கு அதிக இடங்களைக் கொடுத்திருந்ததே அதற்குக் காரணம்.

ஆளுநரின் கையில் உள்ள கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவில் கையெழுத்திடுவது, அல்லது வீட்டோ செய்து திருப்பி அனுப்புவது. வீட்டோவை முறியடிக்கப் பெரும்பாலான மாநிலங்களில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். செலவு மசோதாவாக இருந்தால், 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஆளுநர் பிடிக்காத ஒரே ஒரு செலவை மட்டும் அடித்துவிட்டு மற்றதை ஏற்கலாம். அமெரிக்க அதிபருக்கே இந்த அதிகாரம் இல்லை. துறைத் தலைவர்களை நியமிப்பது, மாநிலக் காவல் படையை அழைப்பது, தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்குவது ஆகியவையும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் இருப்பதால் அளவு மாறும். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் ஆளுநரின் பதவிக்காலம் இன்றைக்கும் இரண்டு ஆண்டுகள்தான். மற்ற 48 மாநிலங்களில் நான்கு. வர்ஜீனியாவில் ஒருவர் தொடர்ந்து இரண்டாம் முறை போட்டியிடவே முடியாது.

மீன் சந்தையிலிருந்து சட்டமன்றத்துக்கு

ஸ்மித் 1873 டிசம்பர் 30ஆம் தேதி, மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில், சவுத் ஸ்டிரீட்டில் பிறந்தார். அப்போது அருகிலேயே புரூக்ளின் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. தந்தை குதிரை வண்டியில் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர். மகனுக்குப் 13 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். தாய் குடை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். ஸ்மித் 14 வயதில் படிப்பை நிறுத்தினார். எட்டாம் வகுப்பைக் கூட முடிக்கவில்லை. பிறகு ஃபுல்டன் மீன் சந்தையில் வாரம் 12 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். வீட்டுக்கு எடுத்துப்போக மீனும் கிடைத்தது. பின்னாளில் சட்டமன்றத்தில் மற்றவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பெருமைகளைப் பேசியபோது, தன்னுடைய பட்டம் எஃப்.எஃப்.எம்., அதாவது ஃபுல்டன் மீன் சந்தை என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அவரே பெருமையோடு சொல்லித் திரிந்தார்.

அரசியலுக்கு அவர் வந்த வழி டாமனி ஹால். மன்ஹாட்டன் ஜனநாயகக் கட்சியின் அமைப்பு அது. வேலையில்லாதவனுக்கு வேலை, குளிர்காலத்தில் அடுப்புக்கு நிலக்கரி, வாடகை கட்ட முடியாதவனுக்கு உதவி என்று தெருத்தெருவாக ஆட்களைக் கவனித்துக்கொண்டது. பதிலுக்கு ஓட்டு வாங்கியது. ஊழலுக்கும் பெயர்போனது. ஸ்மித்துக்கு அந்த அமைப்பின் வட்டாரத் தலைவர்கள் முதலில் ஜூரிகளுக்கு அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை வாங்கித் தந்தார்கள். 1903இல் மாநிலச் சட்டமன்றக் கீழவைக்கு வேட்பாளராக நிறுத்தினார்கள். வென்றார்.

தலைநகர் ஆல்பனியில் முதல் சில ஆண்டுகள் அவருக்கு எதுவும் புரியவில்லை. வங்கிகள் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். ஜூரி அழைப்பாணை கொடுக்கப் போனதைத் தவிர வங்கிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. வனங்கள் குழுவிலும் போட்டார்கள். காட்டையே அவர் பார்த்ததில்லை. விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கூட நினைத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்: வருகிற மசோதாக்களை எல்லாம் படித்துவிடுவது. பகலில் சட்டமன்றம், இரவில் அறையில் மசோதாக் கட்டு. அதே அவையில் சேர்ந்த ராபர்ட் வாக்னர் என்ற இளம் உறுப்பினர் அவருடைய அறைத்தோழர். மற்றவர்கள் புரட்டிக்கூடப் பார்க்காத ஆண்டுச் செலவு மசோதாவை ஸ்மித் வரிவரியாகப் படித்தார். எந்தப் பாலத்துக்கு எவ்வளவு, எந்தச் சிறைக்கு எவ்வளவு, எந்த அதிகாரிக்கு எதற்காக இவ்வளவு என்று படித்துப் படித்துத்தான் மாநிலம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொண்டார். எட்டாம் வகுப்பு முடிக்காத ஒருவர் நியூயார்க் அரசாங்கத்தைப் பற்றி யாரைவிடவும் அதிகம் தெரிந்தவராக ஆனது இப்படித்தான். 1911இல் அவையின் பெரும்பான்மைத் தலைவர், 1913இல் சபாநாயகர்.

146 பேர்

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. மன்ஹாட்டனில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீ பிடித்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் தொழிற்சாலை இயங்கிவந்தது. ஒன்பதாம் தளத்தில் ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள். பலர் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற இளம் சமூகப் பணியாளரும் ஒருவர்.

மாநிலச் சட்டமன்றம் தொழிற்சாலை விசாரணைக் குழுவை அமைத்தது. வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத் தலைவர். பெர்கின்ஸ் அவர்களுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்தார். அறையில் உட்கார்ந்து சாட்சியம் கேட்டால் மட்டும் போதாது என்று அவர்களை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார். விடியற்காலையில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலையின் வாசலில் ஸ்மித்தை நிறுத்தி, பத்து மணி நேர இரவு வேலை முடிந்து பெண்கள் வெளியே வருவதைப் பார்க்கச் செய்தார். இன்னோர் ஆலையில், தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்று எழுதியிருந்த சிறிய துவாரத்துக்குள் வாக்னரையே தவழ்ந்து போகச் சொன்னார். வெளியே பனி படிந்த இரும்பு ஏணி. அது தரையைத் தொடாமல் 12 அடி உயரத்திலேயே முடிந்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் நிறைவேறின. தீத்தடுப்பு, தப்பிக்கும் வழி, வேலை நேரம், குழந்தைத் தொழிலாளர் கட்டுப்பாடு என்று பலவும் அவற்றில் அடக்கம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரும் சட்டத்திலிருந்து உணவுப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு விலக்குக் கேட்டு முதலாளிகள் வந்தபோது, ஓய்வு நாளைப் புனிதமாக வைத்திரு என்ற பைபிள் கட்டளையைத் தான் கவனமாகப் படித்ததாகவும், ஆலைகளுக்கு மட்டும் விலக்கு என்று அதில் எங்கும் காணவில்லை என்றும் ஸ்மித் அவையில் சொன்னார். அவர் சொன்னவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஓய்வில்லாமல் தன் தாய் உழைத்ததைப் பார்த்து வளர்ந்த மனிதர் வேறு எப்படிப் பேசியிருக்க முடியும்?

ஆனால் அதே ஸ்மித்தின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு, மறைக்கக் கூடாது. 1913இல் ஆளுநராக இருந்த வில்லியம் சல்சர், தன்னை வளர்த்துவிட்ட டாமனி ஹாலையே எதிர்க்கத் தொடங்கினார். ஆளுநரை நீக்குவதற்குப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் உள்ள பாதை இது: கீழவை குற்றம் சாட்ட வேண்டும், பிறகு தனி நீதிமன்றமாக அமர்கிறவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மேலவையான செனட்டின் உறுப்பினர்களோடு மாநிலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் அந்த நீதிமன்றத்தில் உட்காருவார்கள். தேர்தல் நிதிக் கணக்கை மறைத்ததாகச் சல்சர் மீது குற்றம் சாட்டி, அக்டோபரில் பதவியைப் பறித்தார்கள். கணக்கில் அவர் தவறு செய்திருந்தது உண்மை. டாமனியின் பேச்சைக் கேட்டிருந்தால் யாரும் அந்தக் கணக்கைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அப்போது கீழவையின் சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் ஸ்மித்.

ஆளுநர் நாற்காலி

1918இல் ஜனநாயகக் கட்சி அவரை ஆளுநர் பதவிக்கு நிறுத்தியது. நியூயார்க் பெண்கள் ஆளுநர் தேர்தலில் வாக்களித்தது அதுவே முதல் முறை. பெல் மாஸ்கோவிட்ஸ் என்ற சமூகப் பணியாளர் பெண்களிடம் ஸ்மித்துக்கு ஆதரவு திரட்டினார். பிறகு கடைசிவரை அவருடைய மிக நெருங்கிய ஆலோசகராக இருந்தார். சுமார் 15,000 வாக்கு வித்தியாசத்தில் ஸ்மித் வென்று, 1919 ஜனவரி 1ஆம் தேதி பதவியேற்றார். பெர்கின்ஸை மாநிலத் தொழில் ஆணையத்துக்கு நியமித்தார்.

உள்ளே போய்ப் பார்த்தால் அரசாங்கம் சிதறிக் கிடந்தது. 180க்கும் மேற்பட்ட துறைகள், வாரியங்கள், ஆணையங்கள். சிலவற்றின் தலைவர்களைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. சிலருடைய பதவிக்காலம் ஆளுநருடையதைவிட நீளம். மாநிலச் செயலாளர், பொருளாளர், பொறியாளர் போன்றவர்களையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்பதற்கு இது கூடுதல் ஜனநாயகமாகத் தோன்றும். நடைமுறையில், ஒரு வேலை கெட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று வாக்காளருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். பால் விவகாரம் வெடித்தது இந்தச் சூழலில்தான்.

பட்ஜெட்டும் அப்படியே. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை நேரே சட்டமன்றக் குழுக்களிடம் கேட்டது. இரண்டு நிதிக்குழுத் தலைவர்கள் உட்கார்ந்து தொகையைத் தீர்மானித்தார்கள். ஆளுநருக்கு எல்லாம் முடிந்த பிறகு சில செலவுகளை அடிப்பது மட்டுமே மிச்சம். மாநிலத்தின் மொத்த வரவு என்ன, மொத்தச் செலவு என்ன என்று முன்கூட்டியே சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை.

மாஸ்கோவிட்ஸ் சொன்ன யோசனைப்படி ஸ்மித் 1919இல் மறுசீரமைப்பு ஆணையம் ஒன்றை அமைத்தார். அதன் ஆய்வுப் பணியை நடத்தியவர் ராபர்ட் மோசஸ் என்ற இளைஞர். துறைகளைச் சுருக்கு, தலைவர்களை ஆளுநர் நியமிக்கட்டும், பட்ஜெட்டை ஆளுநர் தயாரிக்கட்டும், பதவிக்காலத்தை நான்கு ஆண்டாக்கு என்று அறிக்கை வந்தது. ஆனால் நியூயார்க்கில் அரசியல் சட்டத்தைத் திருத்துவது நீண்ட வேலை. அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு சட்டமன்றங்கள் ஒரே திருத்தத்தை நிறைவேற்ற வேண்டும். பிறகு மக்கள் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். ஆளுநரின் பதவிக்காலமோ அன்று வெறும் இரண்டு ஆண்டு.

1920இல் ஸ்மித் தோற்றார். நாடெங்கும் குடியரசுக் கட்சியின் அலை. நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றபோது, ஸ்மித் தோற்றது சுமார் 75,000 வாக்குகளில். தோற்றும் பெயர் வளர்ந்த தேர்தல் அது. 1922இல், முன்பு தன்னைத் தோற்கடித்து ஆளுநரான நேதன் மில்லரைப் பெரிய வித்தியாசத்தில் வீழ்த்தித் திரும்பினார். அந்த ஆண்டு கட்சி ஹெர்ஸ்ட்டுக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டுக்கு வேட்பாளர் இடம் கொடுக்கப் பார்த்தது. அவரோடு ஒரே பட்டியலில் நிற்க முடியாது என்று ஸ்மித் ஒரே பிடியாக மறுத்தார். பால் விவகாரத்தை அவர் மறக்கவில்லை. 1924இலும் 1926இலும் மீண்டும் வெற்றி. ஆக நான்கு முறை ஆளுநர், மொத்தம் எட்டு ஆண்டுகள்.

எதிர்க்கட்சியின் சட்டமன்றத்தை அவர் எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்? மக்களிடம் போனார். அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த வானொலியில் பேசினார். பட்ஜெட்டின் எண்களை மீன் சந்தையில் இருந்தவர்களுக்கும் புரியும்படி சொன்னார். எதிர்க்கட்சியிலிருந்தும் ஆள் தேடினார். 1925 நவம்பரில் துறைகளைச் சுருக்கும் திருத்தத்தை மக்கள் ஏற்றார்கள். அதை நடைமுறைப்படுத்தும் குழுவுக்குத் தலைவராகக் குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர், 1916இன் அதிபர் வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸை அமர்த்தினார். ஹியூஸ் தந்த அறிக்கையைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் எப்படி எதிர்ப்பார்கள்? 180க்கும் மேற்பட்ட அமைப்புகள் சுமார் 20 துறைகளுக்குள் அடங்கின. மாநில அளவில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவிகள் ஆளுநர், துணை ஆளுநர், தணிக்கையாளர், அட்டர்னி ஜெனரல் என்று நான்காகக் குறைந்தன. 1927இல் பட்ஜெட் திருத்தமும் நிறைவேறியது. இனி ஆளுநர்தான் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பார். சட்டமன்றம் அதில் குறைக்கலாம், நீக்கலாம். கூட்ட விரும்பினால் தனியே காட்ட வேண்டும், அதை ஆளுநர் வெட்டலாம்.

நான்கு ஆண்டுப் பதவிக்காலத் திருத்தமும் அதே 1927இல் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆச்சரியம், ஸ்மித்தே அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டிலேயே ஆளுநர் தேர்தலையும் நடத்தும்படி குடியரசுக் கட்சியினர் அதை எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்தால் தேசிய அலையில் மாநில விவகாரங்கள் மூழ்கிப்போகும் என்பது அவருடைய வாதம். 1920இல் அவர் அடிபட்டது அதே அலையில்தானே. திருத்தம் தோற்றது. இன்று பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஆளுநர் தேர்தலை அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் வைத்திருக்கின்றன.

மற்ற அதிகாரங்களையும் அவர் பயன்படுத்திய விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1920இல் கீழவை ஐந்து சோஷலிஸ்ட் உறுப்பினர்களை அவர்களுடைய கொள்கைக்காக வெளியேற்றியபோது ஸ்மித் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆசிரியர்களின் அரசியல் விசுவாசத்தைச் சோதிக்கும் மசோதாவை வீட்டோ செய்தார். அடுத்து வந்த மில்லர் அதற்குக் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். 1923இல் ஸ்மித் திரும்பி வந்து அந்தச் சட்டத்தை ரத்துசெய்ய வைத்தார். வீட்டோவின் ஆயுள் ஆளுநரின் ஆயுள்தான் என்பதற்கு இது நல்ல உதாரணம். அயர்லாந்துத் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினுக்கும், கம்யூனிஸ்ட் பென்ஜமின் கிட்லோவுக்கும் மன்னிப்பு வழங்கிச் சிறையிலிருந்து விடுவித்தார். அவர்களுடைய கருத்து எதிலும் அவருக்கு உடன்பாடு இல்லை. எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் ஒருவர் சிறையில் இருக்கக் கூடாது என்று நினைத்தார். 1928 ஜனவரியில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணின் கருணை மனு வந்தபோது மறுத்துவிட்டார். கணவனைக் கொன்ற வழக்கு அது. ஜனவரி 12ஆம் தேதி சிங் சிங் சிறையில் மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேறியது. மீன் சந்தையிலிருந்து வந்தவரோ கல்லூரியிலிருந்து வந்தவரோ, ஓர் உயிர் போவதும் நிற்பதும் கடைசியில் அவருடைய கையெழுத்தில் வந்து நிற்கிறது. மரண தண்டனை உள்ள அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இன்றும் இப்படித்தான்.

மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் உள்ள எல்லையை விளக்க மதுவிலக்கு விவகாரம் உதவும். நாடு முழுவதும் மதுவிலக்கு அரசியல் சட்டத்திலேயே இருந்த காலம். நியூயார்க்கும் அதை அமல்படுத்த ஒரு மாநிலச் சட்டம் வைத்திருந்தது. 1923 ஜூன் 1ஆம் தேதி அந்த மாநிலச் சட்டத்தை ரத்துசெய்யும் மசோதாவில் ஸ்மித் கையெழுத்திட்டார். மது அதனால் சட்டபூர்வமாகிவிடவில்லை. மத்தியச் சட்டம் அப்படியே இருந்தது. ஆனால் அதை அமல்படுத்தும் சுமை இனி பெரும்பாலும் மத்திய அரசின் ஆட்களுடையது. மத்தியச் சட்டத்தை மாநிலம் மீற முடியாது. அதற்காகத் தனிச் சட்டம் போட்டு உழைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த நுணுக்கத்தை இன்றைய அமெரிக்க ஆளுநர்களும் குடியேற்றம், கஞ்சா போன்ற விஷயங்களில் பயன்படுத்துவதைச் செய்திகளில் பார்க்கலாம்.

பூங்காக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. லாங் ஐலண்டில் நகரத்து மக்களுக்காகப் பூங்காவும் கடற்கரையும் அமைக்க ஸ்மித்தும் மோசஸும் முயன்றபோது, அங்கே மாளிகை வைத்திருந்த செல்வந்தர்கள் தடுக்கப் பார்த்தார்கள். நகரத்திலிருந்து கண்ட கும்பலும் வந்து குவிந்துவிடும் என்று ஒருவர் ஆளுநரிடமே முறையிட்டாராம். அந்தக் கும்பல் நான்தான் ஐயா என்று ஸ்மித் பதில் சொன்னதாகவும், நிலத்தை எடுக்கும் ஆணையில் உடனே கையெழுத்திட்டதாகவும் சொல்வார்கள். ஜோன்ஸ் பீச் கடற்கரைப் பூங்கா 1929இல் திறக்கப்பட்டது.

வெள்ளை மாளிகைக்குப் போகாத பாதை

ஆளுநர் பதவி அமெரிக்க அதிபர் பதவிக்கு ஒரு பழகிய வழி. உட்ரோ வில்சன், கால்வின் கூலிட்ஜ், பிற்காலத்தில் கார்ட்டர், ரீகன், கிளின்டன் எல்லோரும் மாநிலத்தை ஆண்டுவிட்டு வந்தவர்கள். 1924 கட்சி மாநாட்டில் 103 சுற்று வாக்கெடுப்பு நடந்தும் ஸ்மித்துக்கு வேட்பாளர் இடம் கிடைக்கவில்லை. 1928இல் கிடைத்தது. பெரிய கட்சி ஒன்றின் அதிபர் வேட்பாளரான முதல் கத்தோலிக்கர் அவர்.

நாடு அவரை ஏற்கவில்லை. அவர் வென்றால் வாடிகன்தான் நாட்டை ஆளும் என்று துண்டறிக்கைகள் பறந்தன. ஓக்லஹோமாவுக்கு ரயிலில் போனபோது, கத்தோலிக்கர்களையும் கறுப்பின மக்களையும் வெறுத்த கு க்ளக்ஸ் கிளான் என்ற அமைப்பு கொளுத்திய சிலுவைகள் ரயில் பாதையோரம் எரிந்தன. செப்டம்பர் 20ஆம் தேதி ஓக்லஹோமா சிட்டியில் மதத்தின் பெயரால் நடக்கும் வெறுப்புப் பிரசாரத்தை எதிர்த்து நேரடியாகப் பேசினார். மதம் ஒன்றே அவரைத் தோற்கடித்தது என்று சொல்லிவிட முடியாது. நாட்டில் அப்போது பணப்புழக்கம் நன்றாக இருந்தது. அவருடைய மதுவிலக்கு எதிர்ப்பும் டாமனி பின்னணியும் நியூயார்க் தெருப் பேச்சும் கிராமப்புற அமெரிக்காவுக்கு அந்நியமாகப் பட்டன. அதிபர் யார் என்பதை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ஹெர்பர்ட் ஹூவருக்கு 444, ஸ்மித்துக்கு 87. தான் நான்கு முறை ஆண்ட நியூயார்க் மாநிலத்தையே இழந்தார். அதே நாளில் அதே மாநிலத்தில், அவர் வற்புறுத்தி ஆளுநர் பதவிக்கு நிற்கவைத்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சுமார் 25,000 வாக்குகளில் வென்றார்.

பிறகு ஸ்மித் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் கட்டிய நிறுவனத்துக்குத் தலைவரானார். 1931 மே 1ஆம் தேதி அது திறக்கப்பட்டது. புதிய ஆளுநர் தன்னிடம் ஆலோசனை கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தார். ரூஸ்வெல்ட் மாஸ்கோவிட்ஸை வைத்துக்கொள்ளவில்லை; தன் வழியில் போனார். 1932இல் அதிபர் வேட்பாளர் இடத்துக்கான போட்டியிலும் ரூஸ்வெல்ட்டிடம் ஸ்மித் தோற்றார். ரூஸ்வெல்ட் அதிபரான பிறகு, பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அவர் கொண்டுவந்த நியூ டீல் என்ற மத்திய அரசுத் திட்டங்களை ஸ்மித் கடுமையாக எதிர்த்தார். பணக்காரர்கள் நடத்திய லிபர்ட்டி லீக்கின் மேடையில் 1936இல் பேசினார். இது எனக்கு வருத்தம் தரும் பகுதி. மனக்காயம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சமூகச் சீர்திருத்தத்தை மாநிலம் செய்ய வேண்டும், வாஷிங்டன் செய்யக் கூடாது என்ற எண்ணமும் அவரிடம் பழைய காலத்திலிருந்தே இருந்தது. இத்தனைக்கும் நியூ டீலின் தொழிலாளர் சட்டங்களைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய பழைய தோழர்கள்: 1935இன் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் ஆசிரியர் செனட்டர் வாக்னர், தொழிலாளர் துறை அமைச்சர் பெர்கின்ஸ், அமெரிக்க மத்திய அமைச்சரவையின் முதல் பெண். ஸ்மித் 1944 அக்டோபர் 4ஆம் தேதி இறந்தார்.

அவர் உருவாக்கிய புதிய முறையில் முதல் பட்ஜெட்டைத் தயாரித்தது ரூஸ்வெல்ட். சட்டமன்றம் உடனே மோதியது. ஒதுக்கிய தொகையைப் பிரித்துச் செலவிடுவதில் தன் குழுத் தலைவர்களுக்கும் பங்கு வேண்டும் என்றது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றமாக விளங்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1929இல் ஆளுநருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுப் பதவிக்காலம் 1938 தேர்தலில் வந்தது, ஸ்மித் விரும்பியபடி அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில். 2004இல் மறுபடியும் அதே பட்ஜெட் சண்டை அதே நீதிமன்றத்துக்குப் போய், மறுபடியும் ஆளுநரே வென்றார். பட்ஜெட் விஷயத்தில் இன்று அமெரிக்காவின் பலம் வாய்ந்த ஆளுநர்களில் ஒருவராக நியூயார்க் ஆளுநரைச் சொல்வதற்கு இந்த 1927 திருத்தமே அடிப்படை. மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. அந்தத் தேதி நெருங்கும்போது ஆல்பனியில் ஆளுநருக்கும் சட்டமன்றத் தலைவர்களுக்கும் இழுபறி என்று செய்தி வந்தால், சண்டை எதைப் பற்றியது என்பது இனி உங்களுக்குப் புரியும்.